மேஜைக்கு அடியில் ஓர் ஆறு

போன மாதம் மகளின் பிடிவாதத்தால் ஹேவ்லாக் தீவில் இரண்டு நாள் தங்க வேண்டியதாயிற்று. தீவிலேயே பிறந்து, தீவிலேயே வேலை பார்த்து, தீவிலேயே முடி நரைத்தவளைக் கடல் காட்டக் கூட்டிப் போகிறேன் என்கிறாள். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று போனேன். விடுதியின் வரவேற்புக் கூடத்தில் எட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் கைப்பிடி நுனியிலும் ஒரு சிங்கத் தலை. பதினாறு சிங்கங்களும் மீசை மயிர் முதற்கொண்டு ஒன்றுபோலவே இருந்தன. வரவேற்பில் நின்ற மதுரைப் பக்கத்துப் பெண் பெருமையாகச் சொன்னாள்: "பிரிட்டிஷ் காலத்து டிசைன் மேடம். கம்ப்யூட்டர் மிஷின்ல வெட்டுனது. ஒரு மணி நேரத்துல ரெண்டு சிங்கம் போட்டுரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் முழங்கையால் இடித்தாள். அந்தப் பெண்ணைக் கேலி செய்யவில்லை. எனக்குப் பழக்கமான சிங்கங்கள் நினைவுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த போர்ட் பிளேர் அலுவலகத்தில் என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் அலமாரி இருந்தது. அதன் நெற்றியில் இரண்டு சிங்கங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். செய்யச் சொன்னவன் வெள்ளைக்காரன். அவன் கேட்டது அவன் நாட்டுச் சிங்கம். செய்தவன் பர்மாவிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்டவன். அவன் சிங்கத்தைப் பார்த்ததெல்லாம் தன் ஊர்ப் புத்தர் கோயிலான பகோடா வாசலில்தான். அதனால் உடம்பு இங்கிலாந்துக்கும் முகம் பர்மாவுக்கும் போய்விட்டது. கண் பிதுங்கி, வாய் காதுவரை கிழிந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். சிறு வயது, வாய் சும்மா இருக்காது.

ஆனால் மழைக்காலத்து மத்தியானத்தில் ஒரு நாள், கோப்பு தேடும் சாக்கில் அந்த அலமாரி முன்னால் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். கதவின் ஓரம் முழுக்க ஒரு கொடி ஓடும். அதில் ஓர் இலை புழு அரித்த இலை. நிஜமாக அரித்ததல்ல, அரித்த மாதிரியே செதுக்கியிருந்தான். அந்தப் புழுவும் இரண்டு இலை தள்ளி, நெளிந்துகொண்டு இருந்தது. நெல் அளவுதான் இருக்கும். எத்தனை வருடங்களாக எத்தனை துரைமார்களும் குமாஸ்தாக்களும் அந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பார்கள். எவராவது அந்தப் புழுவைப் பார்த்திருப்பார்களா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆபீஸ் வேலை அன்று ஓடவில்லை.

எல்லாம் படாக் மரம். உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம், எங்கள் தீவுகளின் சிவப்பு மரம் அது. ரம்பம் போட்டால் செங்கல்பொடி மாதிரித் தூள் கொட்டும். கொஞ்சம் ஈரம் பட்டால் துணியெல்லாம் சிவப்பாகிவிடும். லேசான ஒரு கார வாசனை. ஜங்லிகாட் பகுதியில் வாப்பா வைத்திருந்த ஆணி, பெயின்ட் கடைக்கு வரும் தச்சர்கள் எல்லோருடைய சட்டையிலும் அந்த வாசனை இருக்கும். வாப்பா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆணியை அளவுவாரியாகப் பிரித்துப் போடுவதுதான் எனக்கு வேலை. ஆணி இல்லாமல் உலகம் நிற்காது என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

அந்த நினைப்பைத் தூக்கிப் போடவைத்தவர் பாத்தின் பாய். எங்கள் அலுவலகத்துத் தஃப்தரி. கோப்புகளைத் தைப்பதும் அட்டை போடுவதும் அவர் வேலை. அப்போதே ஐம்பது வயதிருக்கும். கைதிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்தவர்களை இங்கே லோக்கல் பார்ன் என்போம். அவர் அந்தக் கூட்டம். வீட்டில் இந்திதான் என்றாலும், ஜங்லிகாட்டில் எங்கள் ஆட்களுக்கு நடுவில் வளர்ந்ததால் தமிழும் இந்தியும் கலந்து ஒரு மாதிரி அழகாகப் பேசுவார். என்னை 'பேட்டி', மகளே, என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் என் மேஜையின் காலில் இருந்த சின்ன மர முளையை இரண்டு விரலால் இழுத்தார். கால் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

"தேகோ பேட்டி, ஒரு ஆணிகூட நஹி. உப்புக் காத்துல இரும்பு எத்தன நாள் நிக்கும்? இத கழட்டி போட்டுல ஏத்துவாங்க, வேற தீவுல போயி மாட்டுவாங்க" என்றார். முளையைத் திரும்பச் செருகினார். மேஜை நூறு வருடமாக அசையாதது மாதிரி நின்றது. "என்னை வேலையத்தவளாக்கிட்டீங்களே பாய்" என்றேன். சிரித்தார். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது என் வீரப்பிரதாபத்துக்கு வருகிறேன்.

மெயின்லேண்டிலிருந்து ஒரு புது ஆபீசர் வந்தார், திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர்தான், ஒழுங்கு என்று ஒரு வியாதி மட்டும் இருந்தது. அவர் கண்ணில் பட்டது எங்கள் மரச்சாமான்களில் இருந்த எண்கள். ஒரு நாற்காலியைக் கவிழ்த்தால் கறுப்பு மையில் ஓர் எண், பித்தளைத் தகட்டில் ஓர் எண், பெயின்டில் ஓர் எண் என்று மூன்று தலைமுறை எண்கள் இருக்கும். "இந்தா பாரும்மா, ஒரு சாமானுக்கு ஒரு நம்பர். ரெண்டு கெடந்தா, ஆடிட்டுக்கு வாரவன் ரெண்டு சாமான்னு எழுதிட்டுப் போயிருவான். எல்லாத்தையும் எடுத்துட்டு, புதுசா நீயே போடு" என்றார்.

புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும் என்பார்கள். வாப்பா கடையிலிருந்து ஒரு கட்டு உப்புத்தாள் கொண்டுவந்தேன். வராந்தாவில் நாற்காலிகளையும் மேஜைகளையும் கவிழ்த்துப் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உதவிக்கு இரண்டு பியூன்களையும் வைத்துக்கொண்டு தேய்த்தேன். மையும் பெயின்டும் சீக்கிரம் போயின. இன்னொரு வகை எண்தான் சிரமப்படுத்தியது. உளியால் சின்னதாகக் கொத்திய எண். பக்கத்திலேயே ஒரு மீனோ, இலையோ, பிறையோ. இழுப்பறைகளின் அடியில், இருக்கைப் பலகையின் கீழே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டாக் நம்பர் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அதில் எனக்கு ஒரு கோபம் வேறு. நெற்கதிர் போட்ட ஓர் எண், அந்தப் பெரிய அலமாரியின் இழுப்பறை அடியிலும் இருந்தது, இரண்டு நாற்காலிகளின் அடியிலும் இருந்தது. ஒரே எண் மூன்று சாமானுக்கு! என்ன ஒழுங்கீனம் என்று அவற்றைத்தான் முதலில் தேய்த்தேன். பள்ளம் ஆழமாக இருந்ததால் தச்சரை வரவழைத்து இழைப்புளியும் போடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் எல்லாம் பளிங்காகிவிட்டது. அப்புறம் வெள்ளைப் பெயின்டில், மெல்லிய தூரிகையால், என் அழகான கையெழுத்தில் ஒன்றிலிருந்து வரிசையாக எண் போட்டேன். ஆபீசர் பாராட்டினார். குரங்கு கைப் பூமாலை என்பதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பாத்தின் பாய் அந்த இரண்டு வாரமும் மாயாபந்தரில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வந்தவர் நேராக அலமாரிக்குப் போனார். கீழ் இழுப்பறையை வெளியே எடுத்துத் தரையில் கவிழ்த்தார். அடிப்பலகையை விரலால் தடவித் தேடினார்.

"இங்க இருந்தது எங்க போச்சு?"

"நான்தான் பாய் எடுத்தேன். பழைய நம்பர்."

"ஆபீஸ் நம்பர் நஹி பேட்டி" என்றார். குரல் உயரவில்லை. "அது என் பர்தாதா."

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலே சொன்னார். அவருடைய தாத்தாவின் அப்பா பர்மாவில் மரம் செதுக்குபவர். எதற்காகத் தண்டனை என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. இங்கே கைதிகளின் கழுத்தில் எண் எழுதிய மரப்பலகையைத் தொங்கவிட்டிருப்பார்கள். கூப்பிடுவதும் அந்த எண்ணை வைத்துத்தான். பட்டறையில் செய்த சாமானில் பெயர் போடக் கூடாது. அதனால் ஒவ்வொருவனும் தன் எண்ணை அடியில் கொத்தி, ஆளுக்கொரு அடையாளமும் போட்டுக்கொண்டான். அவர் வீட்டு ஆள் போட்டது நெற்கதிர். "தாதா எனக்குச் சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. கைதி வம்சம்னு சொல்லிக்க ஷரம், வெக்கம். இப்ப மாலாவுக்காகத்தான் வாயத் தொறந்தேன்."

மாலா அவருடைய ஒரே மகள். மெயின்லேண்டில் நர்ஸிங் படிக்க இடம் கேட்டிருந்தாள். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடிப்பதற்கு முன்பே தீவில் குடியிருந்த குடும்பம் என்று சான்றிதழ் காட்டினால் தீவுப் பிள்ளைகளுக்கான இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவர் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு விடுதலைச் சீட்டு. கைதியின் எண்ணும் பர்மியப் பெயரும் தெரிந்தன. எந்த ஊர்ச் சிறை என்று எழுதிய மேல்பாதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. இந்த எண்காரன் இங்கேதான் இருந்தான் என்பதற்கு வேறு ஏதாவது ஆதாரம் உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்க, அலமாரியைக் காட்டுகிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்து வந்ததும் காட்டுவதாக ஏற்பாடு. மாத முடிவில் கப்பல்.

அன்று வீட்டுக்குப் போய் உம்மாவிடம் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வாப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து விஷயத்தைக் கறந்துவிட்டார். திட்டவில்லை. "என் கடை உப்புத்தாளால்ல தேச்சிருக்க புள்ள" என்றார். பிறகு, "எந்திரி. ஒரு மனுசன் ஒரே ஒரு அலமாரியா செஞ்சிருப்பான்? தேடு" என்றார்.

தேடினோம். ஞாயிற்றுக்கிழமையும், மற்ற நாள் சாயங்காலமுமாக, நானும் பாத்தின் பாயும் வாப்பாவின் டார்ச் விளக்கும். சர்ச்சில் போய் முட்டிபோட்டோம். பிரார்த்தனைக்கு என்று நினைத்துப் பாதிரியார் நகர்ந்து வழிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். பழைய பங்களா ஒன்றின் காவலாளி, ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மேஜைக்கு அடியில் போகிறார்களே என்று சந்தேகப்பட்டு, வாப்பாவை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் விட்டார். எண்கள் கிடைத்தன. நண்டு போட்ட எண், ஏர் போட்ட எண், இன்னொன்றில் ஒரு சின்னக் கைக்குழந்தை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது என் கையில் உப்புத்தாள் இன்னும் இருப்பது மாதிரியே தோன்றும். நெற்கதிர் மட்டும் கிடைக்கவில்லை.

கப்பலுக்கு எட்டு நாள் இருக்கும்போது கடைக்கு வந்த ஒரு தச்சர் சொன்னார், ரங்கத் என்ற ஊரில் ஒரு பழைய விடுதியில் ஒரே பலகையில் செய்த வட்ட மேஜை கிடக்கிறது என்று. யுத்தத்துக்குப் பிறகு சாமான்கள் தீவு தீவாகப் போனதில் அங்கே போய்ச் சேர்ந்ததாம். கல்யாணமாகாத பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது என்பதால் வாப்பா கடையை அடைத்துவிட்டு வந்தார். கடையை அவர் பெருநாளுக்குத்தான் அடைப்பார். காலையில் கப்பலேறி, ரங்கத் துறையில் இறங்கி, வாழைத்தாரும் கோழியும் ஏறிய பஸ்ஸில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

மேஜையைப் பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மொட்டை மேஜை. படாக் மரத்தின் அடிவேர் சுவர்போலப் படர்ந்து நிற்கும். அதை அறுத்தால் எட்டுப் பேர் உட்காரும் பலகை ஒட்டில்லாமல் கிடைக்கும். அப்படி ஒரு பலகை, கீழே தடித்த கால்கள், அவ்வளவுதான். ஒரு பூ இல்லை, ஓர் இலை இல்லை. சிங்கம் செதுக்கியவன் இதைச் செய்திருப்பானா? பாத்தின் பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்தார். டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அது நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"வாப்பா?"

"பாய கூப்புடு. நீயும் வா. மெதுவா வாங்க" என்றார், பள்ளிவாசலுக்குள் பேசுகிற குரலில்.

மூன்று பேரும் தலையோடு தலை ஒட்டிப் படுத்தோம். எங்கள் முகத்துக்கு மேலே ஓர் ஆறு ஓடியது. மேஜையின் அடிப்பக்கம் முழுவதும் செதுக்கியிருந்தான். ஆற்றில் படகுகள், நின்றுகொண்டே துடுப்புப் போடும் ஆட்கள். கரையில் தூண்மேல் நிற்கும் வீடுகள். ஒரு வீட்டுப் படியில் ஒரு பெண் நெற்றியில் கையை வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயல், நாற்று நடுபவர்களின் முதுகு, ஒருத்தி மட்டும் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். படகின் கயிற்றில் முறுக்குத் தெரிந்தது. தூரத்தில் பகோடா, அதன் வாசலில் இரண்டு சிங்கங்கள், பர்மா முகமும் பர்மா உடம்புமாக. மேலே உட்கார்ந்து சாப்பிட்ட எந்தத் துரையும் பார்த்திருக்க மாட்டான். இப்படி மல்லாந்து படுத்தால் ஒழிய யாரும் பார்க்க முடியாது. எனக்கு மூச்சுவிடப் பயமாக இருந்தது. நான் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவள், எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி நெஞ்சு அடங்கிப்போனது வாழ்க்கையில் சில தடவைதான்.

ஆற்றங்கரையில், கடைசி வீட்டுக்குப் பக்கத்தில், எண் இருந்தது. நெற்கதிரும் இருந்தது. பாத்தின் பாய் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை எதற்குப் பார்த்தாரோ. பிறகு கையை நீட்டி எண்ணைத் தொடவில்லை, படியில் நின்ற அந்தப் பெண்ணைத் தொட்டார். "இது யாருன்னு கேக்கறதுக்கு இப்ப யாரும் நஹி" என்றார்.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். வங்காளி, பருத்த உடம்பு, மூட்டுவலி வேறு. எண்ணைத் தன் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. மேஜையைக் கவிழ்க்கவோ பத்து ஆள் வேண்டும். முனகிக்கொண்டே உள்ளே போனார். எண்ணை மூன்று தடவை உரக்கப் படித்தார்; வெளியே குமாஸ்தா சீட்டோடு ஒப்பிட்டு, சரி என்றார். ஆனாலும் அதிகாரி வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் கழித்து வந்து, சட்டையில் ஒட்டிய ஒட்டடையைக்கூடத் தட்டாமல், "யார் பார்ப்பதற்காக இதைச் செய்தான்?" என்று இந்தியில் கேட்டார். பாத்தின் பாய், "தெரியாது சாப். சாஹிப்களுக்காக இல்ல" என்றார். அதிகாரி அங்கேயே, அந்த மேஜைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மாலா அந்தக் கப்பலில் போனாள். துறைமுகத்தில் பாத்தின் பாய் என் தலையில் கைவைத்து, "கோபம் இல்ல பேட்டி. என் ஆளு கெடச்சுட்டான்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மேஜையடியில் முன்னோரைக் கண்டுபிடித்த கதை தீவெல்லாம் பரவியது. அதுவரை கைதி வம்சம் என்று சொல்லக் கூசியவர்கள், பெட்டியடியில் ஒளித்த சீட்டுகளை எடுத்துக்கொண்டு பழைய சாமான் உள்ள இடமெல்லாம் போனார்கள். அடுத்த வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். லாரி ஓட்டுபவர், முப்பது வயதிருக்கும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்ததில் கண் சிவந்திருந்தது. அவருடைய பர்தாதா தமிழ்நாட்டிலிருந்து கைதியாக வந்த தச்சர். எந்த ஊர் என்று தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை. வீட்டில் இருந்தது ஒரு காகிதத்தில் ஓர் எண்ணும், பிறை போட்டிருப்பார் என்ற பேச்சும் மட்டுமே.

"சர்டிபிகேட்டுக்கு இல்ல மேடம். சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு" என்றார்.

பிறை. நான் தேய்த்ததில் பிறை இருந்தது. எத்தனை சாமானில், என்ன எண்ணோடு என்று நான் பார்த்து வைக்கவில்லை. சிவப்புத் தூளைக் கூட்டி அள்ளி வராந்தாவுக்கு வெளியே கொட்டியதுதான் நினைவிருந்தது. ஒரு பாத்தின் பாய்க்கு ஒரு ரங்கத் மேஜை கிடைத்தது. மற்றவர்களை நான் எங்கே போய்த் தேடித் தருவேன்? அந்த மனிதர்களுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பெயரை நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எழுதக் கை கூசுகிறது.

நாற்காலிகளை ஒவ்வொன்றாக அவரே கவிழ்த்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். தேய்த்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி நாற்காலியின் அடியில் என் வெள்ளை எண்ணைத் தடவிக்கொண்டே, "இது யாரு நம்பர் மேடம்?" என்று கேட்டார்.

"ஆபீஸ் நம்பர்."

தலையாட்டினார். பிறகு, "இவ்ளோ தூரம் வந்துட்டேன். இதயாச்சும் எழுதிட்டுப் போறேன்" என்று என்னிடம் பேனா வாங்கினார். தன் பர்தாதாவின் எண் இருந்த காகிதத்தில், அதற்கு நேர் கீழே, நான் போட்ட எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்.